சீனப் படம் போட்ட பழைய ஆங்கிலேயக் கிரீம் ஜக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வசிக்கும் நண்பர்கள் பலர், பழம்பொருள் சந்தையில் கைக்கு அடக்கமான ஒரு நீல வெள்ளை ஜக்கைக் கண்டால் உடனே படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். சீனாவில் செய்ததா, இங்கே செய்ததா, வாங்கலாமா, விலை சரிதானா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிரீம் ஜக் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தேநீர் மேசையில் பாலோ பாலேடோ ஊற்றி வைக்கும் சிறிய ஜக். பெரும்பாலும் 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தேநீர்ச் செட்டில் கெட்டில் போன்ற டீபாட், சர்க்கரைக் கிண்ணம், எஞ்சிய தேநீரைக் கொட்டும் கிண்ணம், கரண்டி வைக்கும் தட்டு ஆகியவற்றோடு இதுவும் ஒன்றாக வந்தது. ஆரம்பகால ஜக்குகள் சிலவற்றுக்கு மூடியும் இருந்தது. மூடி தொலைந்து ஜக் மட்டும் மிஞ்சியிருப்பது சகஜம்.

இந்தப் பக்கத்தில் நான் பேசுவது ஏறத்தாழ 1745 முதல் 1800 வரையிலான பீங்கான் ஜக்குகளைப் பற்றித்தான். அதற்குப் பிறகு வந்த போன் சைனா ஜக்குகளும் அழகானவையே. ஆனால் அவற்றை ஆராயும் முறையே வேறு.

இங்கிலாந்தில் செய்த பாத்திரத்தில் சீனக் காட்சி ஏன்?

அன்றைய இங்கிலாந்தில் நல்ல பீங்கான் என்றாலே சீனத்திலிருந்து வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் காண்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்திலிருந்து தேயிலையும் பீங்கானும் ஏற்றி வந்தன. ஈரம் பட்டாலும் கெடாது என்பதால் பீங்கான் பெட்டிகள் கப்பலின் அடித்தளத்தில் இருந்தன. தேயிலைப் பெட்டிகளை அவற்றுக்கு மேலே அடுக்கினார்கள். லண்டனிலிருந்து சீனம் போகும் வழியில் மதராசைத் தொட்டுச் சென்ற கம்பெனிக் கப்பல்களும் உண்டு. 1740-களின் நடுவில் ஆங்கிலேயத் தொழிற்சாலைகள் பீங்கான் செய்யத் தொடங்கியபோது, வாங்குபவர்களின் கண் ஏற்கெனவே சீன நீலத்துக்குப் பழகியிருந்தது. கிழக்கு லண்டனின் போ தொழிற்சாலை தன்னை ‘நியூ காண்டன்’ என்றே அழைத்துக்கொண்டது. ‘நியூ காண்டனில் செய்தது, 1750’ என்று எழுதிய அதன் மைக்கூடுகள் இன்றும் இருக்கின்றன.

ஆனால் மற்ற தேநீர்ப் பாத்திரங்களுக்கு இல்லாத ஒரு தனித்தன்மை கிரீம் ஜக்குக்கு உண்டு. நான் இதையே தேடிச் சேர்ப்பதற்கும் அதுதான் காரணம். டீபாட்டுக்கும் கிண்ணத்துக்கும் சீனத்தில் முன்னோடி உண்டு. பால் ஜக்குக்கு இல்லை, ஏனென்றால் சீனத் தேநீர்ப் பழக்கத்தில் பாலுக்கு இடமில்லை. ஆகவே ஆங்கிலேயர்கள் இதன் வடிவத்தை வெள்ளிப் பாத்திரங்களிலிருந்து எடுத்தார்கள், படத்தைச் சீனத்திலிருந்து எடுத்தார்கள். சீனக் குயவர்களும் ஐரோப்பியர்கள் கேட்டதற்கேற்ப இதே வடிவங்களைச் செய்து ஏற்றுமதி செய்தார்கள். லண்டன் தட்டாரின் கையும் காண்டன் வணிகமும் ஓர் உள்ளங்கை அளவுக்குள் சந்தித்துக்கொள்வது இந்த ஜக்கில்தான்.

இந்த ஜக்குகளில் படம் தீட்டிய ஆங்கிலேய ஓவியர்களில் பெரும்பாலோர் சீனத்தைப் பார்த்ததே இல்லை. கையில் இருந்த சீனக் கிண்ணத்தையோ, வேறொருவர் ஏற்கெனவே நகல் எடுத்ததையோ பார்த்துத் தீட்டினார்கள். அதனால்தான் தீவு தண்ணீரில் தொடாமல் மிதக்கிறது, மீனவர் மரத்தைவிட உயரமாக நிற்கிறார், வேலி எங்கிருந்தோ தொடங்கி எங்கோ முடிகிறது. இதைக் குறை என்று எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தட்டையான கிண்ணத்தில் இருந்த காட்சியை, வயிறு பருத்து மூக்கு நீண்ட ஒரு பாத்திரத்தைச் சுற்றி, கைப்பிடிக்கும் இடம் விட்டுப் பொருத்துவது எளிய வேலை அல்ல. அதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை ஒவ்வொரு ஜக்கிலும் தேடிப் பாருங்கள். சிலவற்றில் மூக்கின் உட்புறத்தில்கூட ஒரு சிறு பூங்கொத்து இருக்கும்.

இது சீனத்ததா, ஆங்கிலேயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை மறந்துவிட்டுப் பொருளைப் பாருங்கள். சீனப் பீங்கான் மிக அதிக வெப்பத்தில், ஏறக்குறைய 1300 டிகிரியில், களிமண்ணும் மெருகும் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு) ஒருசேர வெந்தது. கெட்டியாக, கண்ணாடிபோல் இறுகியிருக்கும். மெருகில் இலேசான நீலச் சாயல் தெரியும். மெருகு படாத அடிவளையத்தின் ஓரத்தில் பல சமயம் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும்.

1780-க்கு முந்தைய ஆங்கிலேய ஜக்குகளில் பெரும்பாலானவை ‘மென்பீங்கான்’ வகை. முதலில் உடலைச் சுட்டு, அதன்மேல் நீலத்தைத் தீட்டி, மெருகில் முக்கி, குறைந்த வெப்பத்தில் மறுபடி சுட்டார்கள். மெருகில் ஈயம் சேர்ந்திருந்தது. அதனால் தொட்டால் வழவழப்பும் மென்மையும் தெரியும், நீலம் மெருகுக்குள் சற்றே கசிந்து கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்து ஒரே ஒரு முறை தடவிப் பார்த்தவருக்கு, பிறகு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

விதிவிலக்கும் உண்டு. பிளிமத்தில் வில்லியம் குக்வொர்தி 1768-இல் காப்புரிமை பெற்று, சீனத்தைப்போலவே வன்பீங்கான் செய்தார். அந்தத் தொழில் 1770-இல் பிரிஸ்டலுக்கு மாறி, ரிச்சர்ட் சாம்பியன் கைக்கு வந்து, 1781-இல் ஸ்டாஃபர்ட்ஷயரின் நியூ ஹால் கூட்டாளிகளுக்கு விற்கப்பட்டது. நியூ ஹால் ஜக்குகள் சாம்பல் சாயலோடு கெட்டியாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் இவற்றைச் சீனம் என்று நினைப்பது இயல்பே.

எந்தெந்தத் தொழிற்சாலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் வூஸ்டர். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் வொர்செஸ்டர் என்பார்கள், ஊர் ஒன்றுதான். மருத்துவர் ஜான் வால், மருந்துக்கடைக்காரர் வில்லியம் டேவிஸ் உள்ளிட்ட 15 பங்காளிகள் 1751-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பிரிஸ்டலில் பெஞ்சமின் லண்ட் நடத்திய சிறு தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அங்கே இருந்த சூத்திரம்: கார்ன்வாலில் கிடைக்கும் மாக்கல்லைப் பொடித்துக் களிமண்ணில் சேர்ப்பது. மற்றத் தொழிற்சாலைகளின் டீபாட்டுகள் கொதிநீர் பட்டு வெடித்தபோது வூஸ்டர் தாங்கி நின்றது. இன்றும் வூஸ்டர் மெருகில் வலைப்பின்னல் விரிசல் காண்பது அரிது. முதல்முறை வாங்குபவர்களுக்கு நான் வூஸ்டரையே சொல்வேன். பொருள் நிறையக் கிடைக்கிறது, ஆய்வும் நிறைய நடந்திருக்கிறது, தரமும் ஒரே சீராக இருக்கிறது.

என் மனத்துக்கு நெருக்கமானது லோஸ்டாஃப்ட். சஃபோக் கடற்கரையில் 1757 வாக்கில் தொடங்கி, நூற்றாண்டின் இறுதிவரை நடந்த சின்னத் தொழிற்சாலை. எலும்புச் சாம்பல் கலந்த களிமண். மெருகு ஆங்காங்கே பழுப்பேறியிருக்கும். ஓவியத்தில் வூஸ்டரின் கட்டுப்பாடு இல்லை, ஆனால் வேறெங்கும் காணாத ஒரு வெள்ளந்தித்தனம் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்காகப் பெயரும் தேதியும் எழுதிக் கொடுத்ததால், தேதி தெரிந்த பொருள்கள் இதில் கணிசம். இந்தத் தொழிற்சாலையைச் சுற்றி ஒரு பெரிய குழப்பமும் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பீங்கான் முத்திரைகளைப் பற்றி எழுதிய வில்லியம் சாஃபர்ஸ், சீனாவில் ஐரோப்பியர்களுக்காகச் செய்த பாத்திரங்களை லோஸ்டாஃப்டில் செய்தவை என்று எழுதிவிட்டார். 1902-இல் தொழிற்சாலை இருந்த இடத்தில் அச்சுகளும் உடைசல்களும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த பிறகே உண்மையான லோஸ்டாஃப்ட் எது என்பது தெளிவானது. அமெரிக்காவில் பழைய பட்டியல்களில் இன்றும் சீன ஏற்றுமதிப் பீங்கானை ‘லோஸ்டாஃப்ட்’ என்று குறித்திருப்பதைக் காணலாம். வாங்கும்போது கவனம்.

போ தொழிற்சாலையிலும் எலும்புச் சாம்பல்தான். பொருள் கனமாக இருக்கும், கறை எளிதில் ஏறும். லிவர்பூலில் ஒன்றல்ல, பல தொழிற்சாலைகள்: ரிச்சர்ட் சாஃபர்ஸ், அவருக்குப்பின் பிலிப் கிறிஸ்டியன், பென்னிங்டன் குடும்பம், இன்னும் சிலர். வூஸ்டரில் வேலை பார்த்த ராபர்ட் பாட்மோர் லிவர்பூலுக்கு வந்து மாக்கல் சூத்திரத்தைச் சாஃபர்ஸுக்குத் தந்ததால், சாஃபர்ஸ் ஜக்குகளை வூஸ்டரோடு குழப்பிக்கொள்வது மிக எளிது. ஷ்ராப்ஷயரில் காஃப்லி என்னும் இடத்தில் தாமஸ் டர்னர் 1770-களின் நடுவிலிருந்து 1799 வரை நடத்தினார், பெரும்பாலும் நீல அச்சுப் படங்கள். டார்பியும் செல்சியும் சீன நீலத்தில் பெரிதாக ஈடுபடவில்லை. செல்சியின் ஆடும் தேனீயும் கொண்ட வெள்ளை ஜக்குகள் புகழ்பெற்றவை, சிலவற்றில் 1745 என்று கீறியிருக்கும். ஆனால் அவை வேறு கதை.

ஜக்கின் வடிவங்களுக்குப் பெயர் உண்டா?

உண்டு. அடிக்கடி கண்ணில் படுவது ‘சிட்டுக்குருவி அலகு’: பேரிக்காய் வடிவ வயிறு, முக்கோணமாக மடிந்த கூர்மூக்கு, எளிய வளையக் கைப்பிடி. ஏறக்குறைய எல்லாத் தொழிற்சாலைகளும் இதைச் செய்தன. அதனால் கைப்பிடி கீழே சேரும் இடம், மூக்கின் சாய்வு, அடிவளையத்தின் வெட்டு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தே ஊரைச் சொல்ல முடியும்.

‘செல்சி யூவர்’ என்பது குட்டையானது. அடிப்பகுதியில் இலை வடிவம் புடைத்திருக்கும். பெயரில் செல்சி இருந்தாலும் வூஸ்டர், காஃப்லி, லோஸ்டாஃப்ட், லிவர்பூல் எல்லோரும் செய்தார்கள். படகுபோல் நீண்டு தாழ்ந்தது ‘கிரீம் போட்’. நூற்றாண்டின் கடைசியில் நியூ ஹாலும் பிறரும் தலைகீழாகக் கவிழ்த்த தலைக்கவசம் போன்ற வடிவத்தைச் செய்தார்கள். அதுவும் வெள்ளியிலிருந்து வந்ததே.

எந்தெந்தச் சீனப் படங்கள் வரும்?

சேகரிப்பாளர்கள் சூட்டிய பெயர்கள்தான் பெரும்பாலும் புழங்குகின்றன. ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்கும் சீனப் பெண்களை ‘லாங் எலைசா’ என்பார்கள், டச்சுக்காரர்கள் வைத்த பெயரின் திரிபு. ‘குதிக்கும் சிறுவன்’ லிவர்பூலுக்குப் பேர்போனது. வூஸ்டரில் ‘எருமைமேல் சிறுவன்’ என்று ஒன்று உண்டு. கறுப்பு நிறத்தில் மெல்லிய தூரிகைக் கோடுகளால் பேனாச் சித்திரம்போல் தீட்டியது. ஒரு நல்ல எருமைச் சிறுவன் ஜக்கைக் கையில் வாங்கினால் கீழே வைக்க மனம் வராது. ‘பீரங்கிக் குண்டு’ என்று பெயர்பெற்ற படத்தில் உருண்டைகள் கிடப்பதுபோல் தெரியும், உண்மையில் அது தீவுகளும் பாறைகளும் கொண்ட நீர்க்காட்சி. வேலியும் பூச்செடியும் உள்ள ‘வேலி’ப் படம் அச்சில் ஏராளமாக வந்தது.

பல வண்ணங்களில் தீட்டிய ‘மாண்டரின்’ காட்சிகள் தனி. வீட்டு முற்றத்தில் அமர்ந்து பேசும் குடும்பம், விசிறி பிடித்த பெண், பொம்மையோடு குழந்தை. நியூ ஹாலில் சன்னலில் எட்டிப்பார்க்கும் சிறுவன் வருவான். நீல வெள்ளையையே தேடுபவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் நல்ல மாண்டரின் ஜக்குகள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன.

வில்லோ பற்றியும் கேட்கிறார்கள். வில்லோ மரமும் பாலமும் கொண்ட, இப்போது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வில்லோ படம் 1790 வாக்கில்தான் முழு உருவம் பெற்றது. அதனோடு சேர்த்துச் சொல்லும் காதலர் கதை விக்டோரியா காலத்து ஆங்கிலேயக் கற்பனை, சீனக் கதை அல்ல.

கையால் தீட்டியதா, அச்சா?

ஒரு பூதக்கண்ணாடி போதும். கையால் தீட்டியதில் தூரிகை தொடங்கிய இடம் அடர்ந்தும் முடிந்த இடம் மெலிந்தும் இருக்கும், நிழல்கள் நீராகப் பரவியிருக்கும். அச்சில் நிழல் என்பது நெருக்கமான இணைகோடுகள். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மெல்லிய தாளில் எடுத்து, பாத்திரத்தின்மேல் ஒற்றினார்கள். வூஸ்டரில் ராபர்ட் ஹான்காக் 1750-களின் நடுவில் இதைக் கொண்டுவந்தார். தட்டையான தாளை வளைந்த வயிற்றில் ஒற்றும்போது ஓரங்கள் எங்கோ ஓரிடத்தில் பொருந்தாமல் போகும். கரைச் சித்திரத்தில் அந்தத் தையலைத் தேடுங்கள்.

அச்சு என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். 1760-களின் வூஸ்டர் அச்சுகளில் செதுக்கு வேலை மிக நேர்த்தி.

அடியில் முத்திரையே இல்லை. போலியா?

இல்லை. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஜக்குகளில் முத்திரை இல்லாதவை ஏராளம். முத்திரையைப் பார்த்து வாங்குவதுதான் புதியவர்களை ஏமாற்றத்தில் தள்ளும் பழக்கம் என்பேன். உடல், மெருகு, வடிவம், ஓவியம், கடைசியில் முத்திரை என்ற வரிசையில் பாருங்கள். முதல் நான்கும் சொல்வதை முத்திரை உறுதிசெய்ய வேண்டும். அவை சொல்லாததை முத்திரை சொன்னால் சந்தேகப்படுங்கள்.

அடியில் பிறை இருந்தால் வூஸ்டர்தானே?

பெரும்பாலும். கையால் தீட்டிய நீலத்தில் வெற்றுப் பிறை, அச்சு நீலத்தில் உள்ளே கோடுகள் நிரப்பிய பிறை, இதுதான் வூஸ்டர் வழக்கம். ஆனால் லோஸ்டாஃப்டும் பிறையைப் போட்டது. காஃப்லியின் ‘சி’ எழுத்தை அவசரத்தில் பார்த்தால் பிறைபோலவே தெரியும். சீன எழுத்தைப்போல் தோன்றும் முத்திரைகளும் வரும். அவற்றைச் சீனம் தெரிந்தவரிடம் காட்டிப் பயனில்லை, பல எழுத்துகளே அல்ல.

சீன எழுத்துபோல் மாறுவேடம் போட்ட எண்கள் சில அச்சுப் பாத்திரங்களில் உண்டு. இவற்றை நெடுங்காலம் காஃப்லி என்றே எல்லோரும் சொல்லி வந்தார்கள். 1960-களின் இறுதியில் வூஸ்டரின் பழைய தொழிற்சாலை இடத்தை ஹென்றி சாண்டன் தோண்டியபோது, அதே எண்கள் கொண்ட உடைசல்கள் அங்கே கிடைத்தன. ஒரே வீச்சில் எத்தனையோ அலமாரிகளில் பெயர்ச்சீட்டு மாறியது.

மீனவர் படம் போட்ட ஜக் வூஸ்டர் என்று ஒருவர், காஃப்லி என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரு தொழிற்சாலைகளும் ஏறக்குறைய ஒரே படத்தை அச்சிட்டன. மீனவர் தூக்கிப் பிடித்திருக்கும் மீனைப் பாருங்கள். குட்டையாகப் பருத்திருந்து, அருகில் தூண்டில் போடுபவரின் நூல் விறைப்பாக நேராக இருந்தால் காஃப்லி. மீன் நீண்டு மெலிந்து, தூண்டில் நூல் தளர்ந்து நெளிந்திருந்தால் வூஸ்டர். இன்னொரு சோதனையும் செய்யலாம். கைப்பேசி விளக்கை ஜக்கின் உள்ளே வைத்து இருட்டில் பாருங்கள். வூஸ்டர் பெரும்பாலும் இளம்பச்சையாக ஒளிரும், காஃப்லி வைக்கோல் நிறமாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். விளக்கை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது, மீனோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பழைய பட்டியலில் ஒரு பெயர், புதிய பட்டியலில் வேறு பெயர். ஏன்?

மண்ணைத் தோண்டத் தோண்ட அறிவு மாறுகிறது. லண்டனின் லைம்ஹவுஸ் தொழிற்சாலை 1740-களின் நடுவில் சில ஆண்டுகளே நடந்தது. அதன் பொருள்களை லிவர்பூலின் வில்லியம் ரீட் செய்தவை என்று கருதினார்கள். 1990-இல் லைம்ஹவுஸ் இடத்தில் நடந்த அகழாய்வு அதை மாற்றியது. அதுபோலவே லிவர்பூலின் வில்லியம் பால் பெயரில் இருந்த அழகான ஜக்குகள், தேம்ஸ் கரையில் நிக்கலஸ் கிறிஸ்ப் நடத்திய வாக்ஸ்ஹால் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தன.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. சின்ன ஊர் ஏலங்களில் பழைய பெயரிலேயே பட்டியல் போடுகிறார்கள். படித்தவருக்கு அங்கே வாய்ப்பு.

போலிகள் நிறைய உண்டா?

சாதாரண நீல வெள்ளை ஜக்கைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. விலையுயர்ந்த வண்ண வேலைகளில்தான் கவனம் வேண்டும். பாரிஸில் எட்மே சாம்சன் 1845-இல் தொடங்கிய நிறுவனம் பழைய பீங்கான்களை நகல் எடுப்பதையே தொழிலாகக் கொண்டது. அவை வன்பீங்கான் என்பதால் கையில் எடுத்ததும் குளிர்ந்து, கெட்டியாக, கண்ணாடிபோல் இருக்கும். வூஸ்டரின் செதில் நீலத்தை (மீன்செதில்போல் தீட்டிய நீலப் பின்னணி) பின்பற்றி ஸ்டாஃபர்ட்ஷயரின் பூத்ஸ் நிறுவனம் செய்தவை பீங்கானே அல்ல, மட்பாண்ட வகை. விளக்கை உள்ளே வைத்தால் ஒளி ஊடுருவாது.

போலியைவிட ஆபத்தானது பிற்காலத்தில் வண்ணம் ஏற்றியது. எளிய நீல ஜக்கின்மேலோ வெறும் வெள்ளை ஜக்கின்மேலோ பின்னாளில் யாரோ வண்ணப் படம் தீட்டி, மறுபடி சுட்டு, விலையை ஏற்றியிருப்பார்கள். பழைய பயன்பாட்டுக் கீறலுக்கு மேல் புது வண்ணம் ஓடியிருந்தாலோ, மெருகில் கறுப்புப் புள்ளிகள் கொப்பளித்திருந்தாலோ விலகுங்கள்.

உடைந்ததை, ஒட்டியதை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், ஒட்டியதைத் தெரிந்து வாங்கினால். கற்பதற்கு அவற்றைவிட நல்ல வழி இல்லை. சில்லு பெயர்ந்த இடத்தில்தான் களிமண்ணின் உண்மை நிறமும் மணிகளின் அளவும் தெரியும். அரிதான வாக்ஸ்ஹால் ஜக்கை முழுதாக வாங்க வசதி எத்தனை பேருக்கு இருக்கும்? கைப்பிடி போன ஜக்கு என்றால் எட்டும் விலையில் வரும். அந்தக் காலத்திலேயே உலோகத் தையல் போட்டுச் சேர்த்தவை எனக்கு மிகவும் பிடிக்கும். இருபுறமும் துளையிட்டு, துளை மறுபக்கம் போகாமல், கம்பியை இறுக்கி உடைந்ததைச் சேர்த்தார்கள். உடைந்தபின்னும் எறிய மனம் வராத ஒருவர் அதை வைத்திருந்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மறைத்துப் பூசியதை மட்டும் கண்டுபிடிக்கக் கற்க வேண்டும். கைப்பிடியும் மூக்கின் நுனியும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவதுபோல், விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். நல்லது கணீரென்னும், விரிசல் உள்ளது சத்தென்று அடங்கும். ஒட்டிய இடத்தில் குளிர்ச்சி குறைவாக இருக்கும், புறஊதா விளக்கின்கீழ் நிறம் வேறுபடும். உட்புறம் விளக்கு வைத்தால் மயிரிழைக் கீறலும் ஒளி மறைக்கும் பூச்சும் தெரிந்துவிடும். ஒரு வியாபாரி என்னிடம் முழுமையானது என்று சொல்லி விற்ற லிவர்பூல் ஜக்கின் மூக்கு முழுவதும் பிசினால் கட்டியது. ரசீதில் ‘பழுது இல்லை’ என்று எழுதி வாங்கியிருந்ததால் பணம் திரும்பக் கிடைத்தது. எப்போதும் எழுதி வாங்குங்கள்.

விலை எப்படி?

அச்சுப் படம் போட்ட காஃப்லி, வூஸ்டர், வண்ணம் தீட்டிய நியூ ஹால் ஆகியவை எளிதில் எட்டும் படி. நடுத்தரப் பொருள்களின் விலை முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடத் தாழ்ந்தே கிடக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல காலம். 1750-களின் கையால் தீட்டிய வூஸ்டர், லைம்ஹவுஸ், வாக்ஸ்ஹால், பெஞ்சமின் லண்ட் பிரிஸ்டலில் செய்தவை ஆகியவை உச்சப் படி. ஊர்ப்பெயர் புடைப்பெழுத்தில் பதிந்த பிரிஸ்டல் படகு வகைகள், ‘விகோர்னியா’ (வூஸ்டரின் லத்தீன் பெயர்) என்று அடியில் பதிந்த வூஸ்டர் படகு போன்றவற்றை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்த்து மகிழலாம்.

லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள். விற்கும்போது வாங்கிய விலை கிடைப்பதே பெரிது.

எங்கே வாங்குவது?

முதல் சில ஜக்குகளை பீங்கானையே தொழிலாகக் கொண்ட வியாபாரியிடம் வாங்குங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும், ஆனால் கேள்வி கேட்கலாம், கையில் எடுத்துப் பார்க்கலாம், தவறானால் திருப்பித் தரலாம். ஏலத்தில் சுத்தியலைத் தட்டி முடிக்கும் விலையோடு கதை முடிவதில்லை. வாங்குபவர் கட்டணம் 25 சதவீதமோ அதற்கு மேலுமோ இருக்கும், அந்தக் கட்டணத்துக்கு வரி தனி. படத்தை மட்டும் பார்த்து இணைய ஏலத்தில் கேட்பதாயிருந்தால், நிலைமை அறிக்கை கேட்டு, அடிவளையம், மூக்கு, கைப்பிடி ஆகியவற்றின் தனிப்படங்களையும் கேட்டுவாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பால் ஊற்றிப் பயன்படுத்தலாமா? எப்படிக் கழுவுவது?

பயன்படுத்த வேண்டாம். மெருகிலும் மேல்வண்ணத்திலும் ஈயம் உண்டு. கழுவுவதற்கு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரும் இலேசான சோப்பும் போதும். ஒட்டுப்போட்ட ஜக்கை ஊறவைக்கக் கூடாது, பாத்திரம் கழுவும் எந்திரத்தில் எதையும் வைக்கக் கூடாது. பழுப்புக் கறையைப் போக்க ப்ளீச் ஊற்றுகிறார்கள். அது மெருகுக்கு அடியில் இறங்கி, உப்பாக உறைந்து, மெருகையே தள்ளிவிடும். தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் வயிற்றைப் பிடியுங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோவதைவிட அங்கிருந்து மறுபடி வெளியே எடுப்பதுதான் யோசிக்க வேண்டியது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம், 100 ஆண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதிக்கிறது. சில ஆண்டுகள் சென்னையில் இருந்துவிட்டு மீண்டும் வெளிநாடு செல்லும் எண்ணம் இருந்தால், ஜக்கை எடுத்துச் செல்லும் முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் நேரில் பார்த்துப் பழக எங்கே போகலாம்?

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பீங்கான் கூடங்களுக்கு முதலில் போங்கள், அனுமதி இலவசம். சார்லட் ஷ்ரைபர் சீமாட்டி தன் கணவரின் நினைவாக 1884-இல் கொடுத்த ஆங்கிலேயப் பீங்கான் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. வூஸ்டர் நகரில் ராயல் வூஸ்டர் அருங்காட்சியகம், ஆக்ஸ்ஃபர்டின் ஆஷ்மோலியனில் மார்ஷல் தொகுப்பு, இவை இரண்டும் வூஸ்டரைக் கற்க. லோஸ்டாஃப்டுக்கு அந்த ஊர் அருங்காட்சியகமும் நாரிச் கோட்டை அருங்காட்சியகமும். காஃப்லிக்கு அயன்பிரிட்ஜ் பக்கம் உள்ள கோல்போர்ட் பீங்கான் அருங்காட்சியகம். ஏல நிறுவனங்கள் விற்பனைக்கு முந்தைய நாள்களில் பொருள்களை எவரும் கையில் எடுத்துப் பார்க்க அனுமதிக்கின்றன. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் போகலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் ஒரு நாளைவிட, அந்த ஒரு மணி நேரத்தில் கை அதிகம் கற்றுக்கொள்ளும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள்.